அரிதாரமும் மகரக்கட்டும்: ஆடவர் இருவர் காதலராய்த் தோன்றும் இசைக்கதைகள்

காதல், இசை, நகை என்னும் மூன்றும் ஒருங்கு கூடிய கதைகள் எந்நாட்டு மக்களையும் எளிதிற் கவர்வன. கடற்கரையில் யாழிசைத்துப் பாடிய கோவலனும் மாதவியும் பாட்டின் பொருளை வேறாகக் கொண்டு பிரிந்தமையைச் சிலப்பதிகாரம் சொல்லும். சங்க அகப்பாடல்களில் வரும் பாணனோ, பரத்தையிற் பிரிந்த தலைவனுக்காக வாயில் வேண்டி வந்து, தோழியின் வசைமொழிகளை வாங்கிக்கொண்டு திரும்புபவன். இசைவாணர் காதல்வழக்கிற் சிக்குண்டு தவிப்பதும், அத்தவிப்பே கேட்போர்க்கு நகை விளைப்பதும் தமிழர் நெடுங்காலமாக அறிந்தவை.

இத்தகைய கதை ஒன்று யப்பான் நாட்டில் 1996ஆம் ஆண்டு தொடங்கி 2002ஆம் ஆண்டு வரை தொடராக வெளிவந்தது. அந்நாட்டுச் சித்திரக் கதைகளுக்கு 'மங்கா' என்று பெயர். முராகாமி மாகி என்னும் பெண் ஓவியர் எழுதி வரைந்த அம்மங்காவின் பெயர் 'கிராவிட்டேசன்'. ஈர்ப்பு என்பது அதன் பொருள். சிந்தோ சூயிச்சி ஓர் இளம் பாடகன். தோழன் ஒருவனுடன் சேர்ந்து இசைக்குழு அமைத்துப் புகழ்பெற முயல்பவன். ஓரிரவு அவன் எழுதிய பாட்டுத் தாள் காற்றிற் பறக்கின்றது. அதனை எடுத்துப் படித்த யூகி எய்ரி என்னும் நாவலாசிரியன், திறமையற்றவன் எழுதியது என்று முகத்துக்கு நேரே கூறிவிட்டுப் போகின்றான். அந்த அவமானத்திலிருந்தே இருவரிடையேயும் காதல் முளைக்கின்றது. இருவரும் ஆடவர். பன்னிரண்டு தொகுதிகளாக வந்த இக்கதை 2000ஆம் ஆண்டிற் பதின்மூன்று பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராயிற்று. பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. இவ்வகைக் கதைகளைப் போற்றிப் படிப்போருட் பெரும்பாலார் பெண்களே.

ஆடவர் இருவர் காதலராய்த் தோன்றும் கதையை, அதிலும் நகைச்சுவைக் கதையை, மக்கள் விரும்புவானேன்? இஃது அயல்நாட்டார்க்கே உரிய புதுமை என்று கருதுவாரும் உளர். நம் கூத்துக்களரியையும் நாடக மேடையையும் நினைவிற் கொண்டு நோக்குவார்க்கு அக்கருத்துப் பொருந்தாமை விளங்கும். வேறுபாடு ஒன்று உண்டு. அதனை முன்னரே கூறிவிடுதல் முறை. நம் மேடையில் இருவருள் ஒருவர் பெண்கோலம் பூண்டார். யப்பானியக் கதையில் இருவரும் ஆடவராகவே நிற்கின்றனர். ஆயினும், அவையோரின் இன்பம் எவ்வாறு பிறக்கின்றது என்று ஆராயுமிடத்து, இரண்டும் ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றன. அவ்வின்பத்துக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதும் ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் நம் ஊர்க் கூத்தை நோக்குவாம். ஆலையடிவேம்பும் அதனைச் சூழ்ந்த ஊர்களும், 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை, மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. ஆதலின் மட்டக்களப்புக் கூத்துமரபு இப்பகுதிக்கும் உரியது. அது வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். வடமோடி பெரும்பாலும் பாரத இராமாயணப் போர்க்கதைகளைக் கொள்ளும். தென்மோடியிற் காதற்கதைகள் மிகுதி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டிற் பதிப்பித்த 'அலங்காரரூபன் நாடகம்' தென்மோடியைச் சார்ந்தது. வேளாண்மை வெட்டு முடிந்தபின் கூத்துப் பழகத் தொடங்குவர். சட்டங் கொடுத்தல், சலங்கை அணிதல் முதலிய சடங்குகள் நிகழ்ந்து, மாதக்கணக்கிற் பழகிய பின்னரே அரங்கேற்றம் நடைபெறும். வட்டக்களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளம் முழக்க, சல்லரி ஒலிக்க, பிற்பாட்டுக்காரர் தருவை வாங்கிப் பாட, விடியும் வரை கூத்து நிகழும். மரபுவழிக் கூத்தில் அரசனும் ஆடவன். அவனை மயக்கும் அரசியும் ஆடவனே.

அரசியாய் வரவு ஆடுபவன் யாவன் என்பதை ஊரார் நன்கறிவர். பகலெல்லாம் வயலில் மண்வெட்டி பிடித்தவன் அவன். அவன் நாணிக் கோணி நிற்கையில் அவையில் எழும் சிரிப்பு இகழ்ச்சியன்று. 'நம் பிள்ளை எத்துணை நன்றாகச் செய்கின்றான்' என்னும் வியப்பும் அதனுள் அடங்கும். சிறிது நேரத்தில் அச்சிரிப்பு அடங்கிவிடும். அரசி புலம்பித் தருப் பாடும்போது, அறிந்த முகம் மறைந்து துயரம் ஒன்றே எஞ்சும். கண்ணகி கோயில்களிற் சிறுவர் கோலடித்து ஆடும் வசந்தனிலும் இவ்வின்பத்தின் சாயல் உண்டு. அப்பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940ஆம் ஆண்டில் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என்னும் பெயராற் பதிப்பித்தார். அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களில் ஆடவர் ஆடும் களிகம்பும் பாட்டுக்கும் கோலடிக்கும் இயைந்த ஆட்டமே. இவற்றுள் ஆடுவோன் தொழிலாளன் அல்லன். கூத்து முடிந்த மறுநாள் அவன் வயலுக்கோ பள்ளிக்கோ மீள்வான். செலவையும் உழைப்பையும் ஊர் முழுவதும் பகிர்ந்து கொள்ளும்.

இனி, நகை பிறக்கும் வழியை நோக்குவாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது பிறத்தற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார். பிறரை எள்ளுதல், இளமை, பேதைமை, மடமை என்பன அவை. இவற்றுள் இளமையும் ஒன்றாக வைக்கப்பட்டமை கருதத்தக்கது. தன் ஆற்றலுக்கு மிஞ்சிய உணர்ச்சியைத் தாங்க முயலும் இளையோனைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். அச்சிரிப்பில் அன்பும் கலந்துள்ளது. சூயிச்சியின் கதை இவ்விளமையையும் பேதைமையையுமே முதலாகக் கொண்டது. அவன் அழுவான், குதிப்பான், வீம்பு பேசுவான், மறுகணம் காலில் விழுவான். உணர்ச்சி மிகும்போது ஓவியர் அவன் உருவைச் சிறு பொம்மைபோலச் சுருக்கி வரைந்துவிடுவார். நம் மேடையிற் காதலர் பாட்டுக்குப் பின் பபூன் நுழைந்து அதே காதலைக் கேலி செய்வதும் இதுவே. சிரித்து இளகிய உள்ளம் அடுத்த சோகத்தை ஏற்க ஆயத்தமாகின்றது. எய்ரியோ, தான் நம்பிய ஆசிரியனாற் சிறுவயதில் வஞ்சிக்கப்பட்டவன். அந்தப் புண்ணைக் கதை நெடுநேரம் சிரிப்பால் மூடிவைத்துப் பின்னரே திறந்து காட்டுகின்றது.

தமிழகத்து நாடக மேடையில் இவ்வகைக் காதலர் இருவகையாகத் தோன்றினர். ஒரு வகையினர் கற்றறிந்த பயில்முறை நடிகர். 1891ஆம் ஆண்டிற் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் கதாநாயகராக நடித்தபொழுது, கதாநாயகியாக நடித்தவர் அவர்தம் நண்பர் ரங்கவடிவேலு. முதலியார் தம் 'நாடக மேடை நினைவுகள்' நூலில் அந்நண்பரைப் பற்றிப் பலவிடங்களில் உருக்கத்தோடு எழுதியுள்ளார். பல்லாண்டு மேடையிற் காதலராய் நின்ற இருவரின் நட்பை அவ்வேடுகள் நமக்குக் காட்டுகின்றன. இவர்கள் விரும்பி ஆடியவர்கள். விரும்பாதபோது நிறுத்தும் உரிமையும் உடையவர்கள்.

மற்றொரு வகையினர் பாலர் நாடக சபைச் சிறுவர்கள். 'பாய்ஸ் கம்பெனி' என்று மக்கள் அவற்றை வழங்கினர். வயதுவந்த நடிகரின் ஒழுங்கின்மையால் மனம் நொந்த சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவரைப் பழக்க முற்பட்டார். 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி. கே. எஸ். சகோதரர் பயின்ற இடம் அது. சிறுவன் டி. கே. சண்முகத்துக்காகச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். ராஜபார்ட் வேடத்திலும் சிறுவன்; ஸ்திரீபார்ட் வேடத்திலும் சிறுவன். வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் வந்த சிறுவரின் பாட்டைக் கேட்க மக்கள் திரண்டனர்.

இக்கவர்ச்சிக்குக் குரலே முதற்காரணம். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்குமாறு நடிகர் பாடவேண்டியிருந்தது. சிறுவரின் உச்சத் தொனிக் குரல் நாலரைக் கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் ஆர்மோனியத்தையும் மீறி எழும். அக்குரலுக்கு ஆண்மையோ பெண்மையோ இல்லை. ஆதலின் காதலன் பாட்டும் காதலி பாட்டும் ஒரே வகைக் குரலில் ஒன்றையொன்று தொடர்ந்தன. கேட்டோர்க்கு ஆண் பெண் என்னும் வேற்றுமை தேய்ந்து, ஏக்கம் என்னும் பொதுவுணர்ச்சி எஞ்சியது. மங்காவைப் படிப்போர் பலர் கூறும் இன்பமும் இத்தன்மைத்தே. காதலருள் ஒருவர் பெண்ணாக இல்லாமையால், படிக்கும் பெண் தன்னை அவளோடு ஒப்பிட்டு வருந்த வேண்டுவதில்லை. இருவரில் எவராகவும் தன்னைக் கருதிக்கொள்ளலாம். தாளிற் பாட்டு ஒலிப்பதில்லை. பண்ணைப் படிப்போரே தம் உள்ளத்தில் அமைத்துக்கொள்கின்றனர்.

ஆனாற் சிறுவன் வளர்வான். குரல் உடையும் பருவத்தை நாடக உலகினர் 'மகரக்கட்டு' என்றனர். பாலர் சபையில் அச்சொல் அச்சந் தருவது. நேற்றுவரை ஊரே கேட்டு மயங்கிய குரல் இன்று கரகரத்துவிடும். அதன்பின் சிறுவேடம், பக்கவேடம். அதுவும் இன்றேல் வீடு. வறுமையாற் பெற்றோர் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளுக்கு, வீடு திரும்புதல் எளிதன்று. கடும் ஒழுங்கும் வாத்தியாரின் அடியும் சபை வாழ்வின் பகுதிகள். எம். ஜி. இராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் பாலர் சபைகளில் வளர்ந்தவர்கள். சிவாஜி சிறுவயதிற் சீதையாகவும் நடித்தவர். அவர்கள் பெயர் நிலைத்தது. அவர்களோடு ஒரே பாயிற் படுத்து, ஒரே பந்தியில் உண்டு, குரலுடைந்து மறைந்தவர்களின் பெயர்களை நாம் அறியோம். 1931ஆம் ஆண்டிற் பேசும்படம் வந்து, பெண்களும் மேடையிலும் திரையிலும் பெருகத் தோன்றிய பின்னர் இச்சபைகள் படிப்படியாக மறைந்தன.

யப்பானிய வரலாறும் இதற்கு ஒப்புமை காட்டுகின்றது. 1603ஆம் ஆண்டளவில் ஒக்குனி என்னும் பெண் தொடங்கிய கபுகி ஆட்டத்திற் பெண்கள் ஆடுதலை அரசு 1629ஆம் ஆண்டிற் தடுத்தது. அவ்விடத்தை இளைஞர் நிரப்பினர். 1652ஆம் ஆண்டில் அவர்களும் தடுக்கப்பட்டனர். பின்னர் வயதுவந்த ஆடவரே பெண்வேடம் பூண்டு அதனைப் பெருங்கலையாக வளர்த்தனர். 1914ஆம் ஆண்டிற் தக்கரசூக்கா என்னும் ஊரிற் பெண்கள் மட்டுமே ஆடும் இசைநாடகம் அரங்கேறியது. கும்பகோணத்துப் பாலாமணி அம்மாளின் பெண்கள் நாடகக் குழுவை அது நமக்கு நினைவூட்டும். 1970ஆம் ஆண்டுகளில் ஹாகியோ மோட்டோ, தக்கேமியா கேய்க்கோ முதலிய பெண் ஓவியர்கள் இளைஞர் இருவரின் அன்பைச் சித்திரக் கதைகளாக வரைந்தனர். முராகாமியின் நகைக்கதை அவ்வழி வந்தது.

மேடையிலிருந்து தாளுக்கு மாறியபோது நேர்ந்த பெருமாற்றம் யாது? தாளில் வாழும் பாடகனுக்கு மகரக்கட்டு இல்லை. அவன் பசித்திருப்பதில்லை; அவனை அடிக்க வாத்தியார் இல்லை. அவையோர் எத்துணை ஆண்டு வேண்டினும் அவன் இளையோனாகவே நிற்பான். உயிருள்ள பிள்ளை ஒருவன் தன் குழந்தைப் பருவத்தைக் கொடுத்து ஈட்டித்தந்த இன்பத்தை, ஓவியரின் உழைப்பு ஈட்டித் தருகின்றது. இது நன்மையே. எனினும் தாளிலும் விலை அறவே நீங்கிற்றென்று சொல்லுதல் இயலாது. 1992ஆம் ஆண்டில் யப்பானில் இக்கதைகள் பற்றி ஒரு விவாதம் எழுந்தது. ஆடவரை விரும்பும் ஆடவர் உண்மையிற் படும் துன்பத்தை இவை காட்டாது, தம் வாழ்வைப் பிறர் பொழுதுபோக்குக்கு வேடமாக்குகின்றன என்று அத்தகையோர் ஒருவர் முறையிட்டார். பெண் எழுத்தாளர் பலர் மறுமொழி எழுதினர். சிலர் தம் எழுத்தையும் மீளாய்ந்தனர். மேடையில் மறைந்து நின்ற சிறுவனின் குரலையும் தாளுக்கு வெளியே நின்ற அம்மனிதரின் குரலையும் ஒருசேர வைத்து நோக்குதல் வேண்டும். சிரிப்புக்குப் பொருளானவர் தாமும் நம்மோடு சேர்ந்து சிரிக்க முடிகின்றதா என்பதே அவ்வின்பம் தூயதா என்று காணும் உரைகல்.

அவ்வுரைகல்லில் நம் ஊர்க்கூத்து மாற்றுக் குறையாது நிற்கும். அரசியாய் ஆடியவன் ஊரின் பிள்ளை. அவையிற் சிரித்தவரும் அவன் உறவினர். ஆயினும் அவன் கதையையும் நாம் எழுதிவைத்தோமில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மறைந்த பழந்தமிழ் யாழ்களின் இலக்கணத்தை ஆய்ந்து 1947ஆம் ஆண்டில் 'யாழ் நூல்' தந்தார். அத்துணைப் பெரும்பணி நம்மால் இயலாதாயினும், நம்மிடையே வாழும் முதிய கூத்தரை, சிறப்பாகப் பெண்வேடம் ஆடியவரை, அணுகிக் கேட்டு எழுதுதல் மாணவர்க்கு இயலும். எத்துணை வயதில் ஆடத் தொடங்கினார், குரலுடைந்தபோது என் செய்தார், ஊரார் சிரித்தபோது அவர் உள்ளம் எவ்வாறிருந்தது என்பனவற்றைப் புத்தகங்கள் சொல்லா. அவர் வாயாலேயே அவை வரல் வேண்டும். அண்ணாவிமாரின் ஏடுகளிற் பாட்டு இருக்கின்றது. பாடியவனின் வாழ்வு இல்லை. அதனைச் சேர்த்து வைப்பது நம் கடமையாகும்.