எஃப் வரை வந்த பிழை

2011 டிசம்பர் 31, புத்தாண்டுக்கு முந்தைய இரவு. இணைய இணைப்புகளை மறையாக்கிப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் மூல நிரலில் ஒரு சிறு வசதி சேர்ந்தது. இணைப்பின் மறுமுனை உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் 'ஹார்ட்பீட்'. ஒருவர் சில எழுத்துகளை அனுப்பி, அவற்றின் நீளத்தையும் சொல்வார். வாங்கியவர் அதையே திருப்பி அனுப்ப வேண்டும். சொன்ன நீளமும் வந்த நீளமும் பொருந்துகின்றனவா என்று சோதிக்க ஒரு வரி இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த இல்லாத வரிதான் இங்கே கதாநாயகன்.

2012 மார்ச் 14 அன்று 1.0.1 பதிப்பு வெளியானபோது அந்தப் பிழை ஊருக்குள் வந்தது. பின்னால் ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்று ஆறு திருத்தப் பதிப்புகள். ஒவ்வொன்றும் வேறு ஏதோ ஒரு குறையைத் தீர்த்தது; இதை மட்டும் அப்படியே அடுத்த எழுத்துக்குக் கைமாற்றிவிட்டது.

கூகுளின் நீல் மேத்தாவும், பின்லாந்தின் கோடெனோமிக்கான் நிறுவனத்தாரும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்தார்கள். 2014 ஏப்ரல் 7 அன்று உலகுக்குத் தெரிந்தது. நீளத்தைப் பொய்யாகச் சொன்னால், ஒவ்வொரு முறையும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை கொட்டும். கடவுச்சொல், ரகசியச் சாவி, எது அருகில் கிடந்ததோ அது. வழக்கமான பதிவேடுகளில் தடயமே இராது.

பிழைக்கு வைத்த 'ஹார்ட்பிளீட்' என்ற பெயரும் இரத்தம் சொட்டும் இதயப் படமும் எல்லோர் நினைவிலும் நின்றுவிட்டன. அன்று வேலை பார்த்தவர்களைக் காப்பாற்றியவை அவையல்ல, எண்கள்: 1.0.1 முதல் எஃப் வரை பாதிப்பு, ஜி-யில் தீர்வு, 1.0.0 வரிசைக்கும் 0.9.8 வரிசைக்கும் பாதிப்பில்லை. மேம்படுத்தாமல் பழையதிலேயே கிடந்த சர்வர்கள் தப்பின! பிழைகளை டிக்கெட்டுகளாகப் பதிவுசெய்யும் ஜிரா போன்ற மென்பொருளில் 'அஃபெக்ட்ஸ் வெர்ஷன்', 'ஃபிக்ஸ் வெர்ஷன்' என்று இரண்டு கட்டங்கள் இருப்பது இதற்காகத்தான். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று இரண்டும் தெரிந்தால்தான் நூறு சர்வர்களைத் தொட வேண்டியவை, தொட வேண்டாதவை என்று பிரிக்க முடியும். முதல் கட்டத்தை வெறுமையாக விட்டு, இரண்டாவதை மட்டும் நிரப்பி டிக்கெட்டை மூடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. பாதி முகவரி எழுதிய கடிதம் அது.

ஆனால் எண்ணும் ஏமாற்றும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 7-இல் ஓடியது ஈ பதிப்பு. டெபியன்காரர்கள் ஜி-க்குத் தாவவில்லை. நிலையான வெளியீட்டில் புதுப் பதிப்பைப் புகுத்துவது அவர்கள் வழக்கமல்ல. திருத்தத்தை மட்டும் எடுத்து ஈ-யிலேயே தைத்து, பொதியின் பதிப்பு எண்ணின் வாலில் ஐந்தாம் திருத்தம் என்ற குறியைச் சேர்த்தார்கள். ரெட் ஹேட்டும் அப்படியே செய்தது. ஆகவே பத்திரமான சர்வரிலும் மென்பொருளின் பதிப்பைக் கேட்டால் '1.0.1ஈ' என்றே பதில் வரும். அதைப் பார்த்து, சரியான சர்வரை ஓட்டை என்று எழுதிவிடலாம். டிக்கெட்டில் ஏற வேண்டியது மென்பொருளின் பதிப்பு எண் மட்டுமல்ல, பொதியின் வாலோடு சேர்ந்த முழு எண்.

இன்னொரு பொறி அதைவிடக் கொடியது. புதிய பொதி வட்டில் இறங்கிவிட்டது, எண்ணும் சரி. ஆனால் முந்தாநாள் தொடங்கிய இணைய சர்வர், நினைவகத்தில் பழைய நூலகத்தையே பிடித்துக்கொண்டு ஓடும். நிறுத்தித் திரும்பத் தொடங்கும்வரை பிழை அங்கேயே குடியிருக்கும். 'ரீஸ்டார்ட் ஆனது' என்ற குறிப்பைப் பார்க்காமல் அந்த டிக்கெட்டை மூடக் கூடாது.

அதற்குப் பிறகும் ஒரு வேலை மிச்சம்: கசிந்திருக்கக்கூடிய சாவிகளைத் தூக்கி எறிந்து, புதுச் சாவிகளுக்குச் சான்றிதழ் வாங்கி, பழைய சான்றிதழ்களை ரத்து செய்வது. அதற்குத் தனி டிக்கெட். அதில் 'ஃபிக்ஸ் வெர்ஷன்' கட்டத்தில் எழுத எந்த எண்ணும் கிடையாது.