புரோதெர்ம்: ஒரு பொதுத் தரவுத்தளத்தின் மறுவாழ்வு

சென்னையின் கிண்டி வட்டாரத்துக்குப் புரத ஆய்வில் நெடிய மரபு உண்டு. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் என்பதைக் காட்டும் வரைபடத்தை, அங்கு வளாகம் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் 1963இல் வெளியிட்டனர்.

புரத ஆய்வு மரபணு ஆய்வோடும் பிணைந்தது; மரபணு ஒன்றின் பணியை அறிவதென்பது பெரும்பாலும் அது உருவாக்கும் புரதத்தின் பணியை அறிவதேயாகும். 1998இல் பழ ஈ, ஈஸ்ட், எலி ஆகியவற்றின் தரவுத்தளங்கள் இணைந்து, மரபணுப் பணிகளைப் பொதுவான கலைச்சொற்களால் குறிக்கும் 'ஜீன் ஆன்டாலஜி'யைத் தொடங்கின. ஏறத்தாழ அதே காலத்தில், புரதங்களின் பணியை அல்லாமல் அவற்றின் நிலைப்புத்தன்மையைப் பதிவுசெய்ய, ஜப்பானில் பணியாற்றிய மைக்கேல் குரோமிஹாவும் அகினோரி சாராயும் உள்ளிட்ட குழுவினர் 'புரோதெர்ம்' என்னும் தரவுத்தளத்தை உருவாக்கினர். புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறும்போது அதன் நிலைப்புத்தன்மை எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்பதை, வெளியான ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து ஒவ்வொன்றாகத் திரட்டி, அளவீடு நிகழ்ந்த வெப்பநிலை, கரைசலின் அமிலத்தன்மை முதலிய விவரங்களுடன் பதிவுசெய்யும் பொறுமையான பணி அது. சூழல் குறிக்கப்படாத எண்ணால் எவருக்கும் பயனில்லை என்பதால், இவ்வுழைப்பு ஆய்வுக்கூடச் சோதனைக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஆயினும் தரவுத்தளத்தை உருவாக்குவதைவிடப் பேணுவதே கடினம். புரோதெர்மும் பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாமல் நின்றது. பின்னர், கிண்டியை ஒட்டிய சென்னை ஐஐடியில் குரோமிஹாவின் குழு பழைய பதிவுகளைச் சரிபார்த்துத் திருத்தி, புதியவற்றைச் சேர்த்தது. 'புரோதெர்ம் டிபி' என்ற பெயரில் 2021இல் விவரிக்கப்பட்ட அப்பதிப்பில் ஏறத்தாழ 31,500 தரவுகள் இடம்பெற்றன.