சிரைவழி ஆன்டிபயாட்டிக் சிகிச்சை (கடும் தோல் தொற்றுகள்)

தோலிலும் அதன் அடித்திசுவிலும் பாக்டீரியா தொற்று வேகமாகப் பரவும்போது மருந்தைச் சிரை வழியே நேராக இரத்தத்தில் செலுத்தும் முறை. மக்கள் வழக்கில், டிரிப்ஸில் மருந்து ஏற்றுவது. பாதத்தில் தொடங்கிய செல்லுலைட்டிஸ் என்னும் இத்தகைய தொற்று முழங்காலைத் தாண்டுகிறது, குளிர்காய்ச்சல் அடிக்கிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது என்றால், விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து இரத்தத்தில் சேரும்வரை பொறுத்திருக்க முடியாது.

நோய்க்குக் காரணம் 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. 1880களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், சீழில் திராட்சைக் கொத்தாகத் திரண்டிருந்த கிருமிகளைக் கண்டு அவற்றுக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் எனப் பெயரிட்டார். ஆனாலும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு, கீறிச் சீழை வெளியேற்றுவதும், அதற்கும் அடங்காவிட்டால் கையையோ காலையோ வெட்டியெடுப்பதும்தான் சிகிச்சை. 1935இல் பேயர் நிறுவனத்தின் கெர்ஹார்ட் டோமாக், புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற மற்றொரு கிருமியை அடக்குவதை வெளியிட்டார். அதே ஆண்டு, ஊசி குத்திக் கடும் தொற்றுக்கு ஆளான தம் மகளுக்கும் அதையே கொடுத்தார், கை தப்பியது. அதிலிருந்து பிறந்த சல்பா மருந்துகளுக்கு ஒரு குறை இருந்தது: சீழ் தேங்கிய இடத்தில் அவை வலுவிழந்துவிடும்.

அந்தக் குறையின் விலையை ஆல்பர்ட் அலெக்சாண்டரின் நோயில் பார்க்கலாம். அவர் 43 வயது ஆங்கிலேயக் காவலர். முகத்தில் ஏற்பட்ட காயத்திலிருந்து தொற்று பரவி, தலையெங்கும் சீழ்க்கட்டிகள், ஒரு கண்ணை அகற்ற வேண்டியதாயிற்று, நுரையீரலும் பாதிக்கப்பட்டது. ரோஜா முள் கீறியதே தொடக்கம் என்று பல நூல்கள் எழுதினாலும், போர்க்காலக் குண்டுவீச்சில் பட்ட காயம் என்று அவருடைய மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சல்பா பலனளிக்கவில்லை. 1941 பிப்ரவரி 12 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் மருத்துவமனையில் சார்லஸ் ஃபிளெட்சர் அவருக்குச் சிரை வழியே 200 மி.கி. பெனிசிலின் செலுத்தினார்; பின்னர் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 100 மி.கி. ஒரே நாளில் காய்ச்சல் தணியத் தொடங்கியது, பசி திரும்பியது. பெனிசிலினை மருந்தாக உருவாக்கிக்கொண்டிருந்த ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோரின் ஆய்வகத்தில் இருந்த கையிருப்போ மிகச் சொற்பம். அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதில் வெளியேறிய பெனிசிலினை ஆய்வகத்தில் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினார்கள். அதுவும் சில நாளில் தீர்ந்தது. நோய் திரும்பியது, மார்ச் 15 அன்று அவர் இறந்தார். மருந்து வேலை செய்தும் அளவு போதாமல் ஓர் உயிர் போனது என்பதே இந்த நிகழ்வின் துயரம். குறைந்த அளவே போதும் என்பதால், அதன்பின் அந்தக் குழு குழந்தைகளுக்குச் சிகிச்சையளிப்பதில் கவனம் செலுத்தியது.

பெனிசிலின் மலிந்ததும் அதைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் மருத்துவமனைகளில் பெருகியது. அந்த நெருக்கடியில் கிடைத்ததே வான்கோமைசின். போர்னியோக் காட்டிலிருந்து ஒரு மிஷனரி அனுப்பிய மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் அதை எடுத்தது. தொடக்கத்தில் பழுப்பு நிறமாக, மாசு மிகுந்து இருந்ததால் ஆய்வாளர்கள் அதை 'மிசிசிப்பிச் சேறு' என்றே அழைத்தார்கள். 1958இல் ஒப்புதல் பெற்றது; ஓரிரு ஆண்டுகளில் மெத்திசிலின் என்ற புது மருந்து வந்ததும் ஓரங்கட்டப்பட்டது. 1961இலேயே மெத்திசிலினுக்கும் அடங்காத எம்ஆர்எஸ்ஏ கிருமியை பிரிட்டனில் பட்ரீசியா ஜெவன்ஸ் அறிவித்தார். அது உலகெங்கும் பரவியபோது பழைய வான்கோமைசினே மீண்டும் கைகொடுத்தது.

குடல் இம்மருந்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. அதனால் தோல் தொற்றுக்குச் சிரை ஒன்றே வழி. ஒரு கிராம் மருந்தைக் குறைந்தது 60 நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஹிஸ்டமின் வெளிப்பட்டு முகமும் கழுத்தும் மார்பும் சிவந்து அரிக்கும். பலரும் இதை ஒவ்வாமை என்று எண்ணி மருந்தையே கைவிடுகிறார்கள். பெரும்பாலும் ஏற்றும் வேகத்தைக் குறைத்தாலே சரியாகிவிடும். சிறுநீரகம் கெடாதிருக்க இரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்துகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஊசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எஃகு ஊசி சிரைக்குள் நாள்கணக்கில் தங்காது. கையை அசைத்தால் குத்தி வெளியேறும். 1950இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேவிட் மாஸா உருவாக்கிய பிளாஸ்டிக் குழாய், உள்ளே நுழைந்ததும் ஊசியை உருவிவிட்டுத் தான் மட்டும் தங்கியது. இன்று நோயாளியின் புறங்கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டப்படும் வென்ஃப்ளான் அதன் வழித்தோன்றல். அது இல்லாமல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்து நாள் மருந்து என்பது நடக்கிற காரியம் அல்ல.

தசையுறையை அழிக்கும் நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸில் ஊசி மருந்து மட்டும் போதாது. இறந்த திசுவுக்கு இரத்தம் போவதில்லை, ஆகவே மருந்தும் போவதில்லை. உடனே அறுத்து அகற்றியாக வேண்டும். கிருமிகள் பெருகி முடித்து மந்தமான பின் பெனிசிலின் பலனிழப்பதை ஹாரி ஈகிள் 1952இல் எலிகளில் காட்டினார். நச்சுப்புரத உற்பத்தியைத் தடுக்கும் கிளிண்டாமைசினை உடன் சேர்ப்பதற்கு இது ஒரு காரணம்.

2000இல் லினெசோலிட் வந்தது. மாத்திரையாகக் கொடுத்தாலும் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் சேர்வதால், நோய் தணிந்தவுடன் டிரிப்ஸைக் கழற்ற முடிந்தது. நிலை சீரான பிறகும் பழக்கத்துக்காக ஊசியைத் தொடர்வது தவறு. சிரைக்குள் கிடக்கும் குழாயே புதுத் தொற்றுக்கு வாசலாகும். 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டால்பாவான்சின் வாரக்கணக்கில் உடலில் தங்குகிறது. 1500 மி.கி. மருந்தை 30 நிமிடத்தில் ஒருமுறை ஏற்றிக்கொண்டு நோயாளி வீடு திரும்பலாம். ஆனால் அதன்பின் ஒவ்வாமை ஏற்பட்டால் நிறுத்துவதற்கு அடுத்த டோஸ் என்று ஒன்று இல்லை. டயாலிசிஸாலும் அதை வெளியேற்ற இயலாது.