காட்டுத் தோட்டமும் அதன் கர்த்தாக்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் இங்கிலாந்துச் சீமான்களின் மாளிகைகளைச் சூழ்ந்திருந்த பூந்தோட்டங்கள் தரையில் விரித்த ரத்தினக் கம்பளங்களைப் போல் காட்சியளித்தன. அப்படிக் காட்சியளிக்க வேண்டும் என்பதே அவற்றை அமைத்தவர்களின் நோக்கமும் ஆகும். 1845-ல் கண்ணாடியின் மீதிருந்த வரியை அந்நாட்டு அரசாங்கம் நீக்கியதும் கண்ணாடி மனை கட்டுவது எளிதாயிற்று, நிலக்கரிக்கோ பஞ்சமில்லை. ஆகவே, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஜெரேனியம் வகைகளையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் பூச்செடிகளையும் குளிர்காலம் முழுவதும் அனல் மூட்டிய அறைகளில் ஆயிரக்கணக்கில் வளர்த்து, கோடை தொடங்கும்போது வட்டமும் சதுரமுமாக வெட்டிய பாத்திகளில் நெருக்கி நட்டு, தலை நீட்டிய தண்டுகளையெல்லாம் கிள்ளி மட்டப்படுத்தி, பனி விழத் தொடங்கியதும் அத்தனையையும் பிடுங்கி எறிவது அக்காலத் தோட்டக்கலையின் உச்சமாகக் கருதப்பட்டது. ஆண்டில் பாதிக் காலம் அப்பாத்திகள் வெறும் மண்ணாகக் கிடந்ததைப் பற்றிச் சீமான்கள் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கவலைப்பட்டவர் அயர்லாந்திலிருந்து வந்தார். 1838-ல் பிறந்து, தோட்ட வேலையிலேயே வளர்ந்து, 1861-ல் லண்டனை அடைந்த வில்லியம் ராபின்ஸன், ரீஜண்ட்ஸ் பூங்காவிலிருந்த தாவரவியல் சங்கத் தோட்டத்தில் குளிர் தாங்கும் செடிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். அயர்லாந்தில் எஜமானருடன் சச்சரவு ஏற்பட்டு, கடுங்குளிர் இரவொன்றில் கண்ணாடி மனையின் அடுப்புகளை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் புறப்பட்டு வந்துவிட்டார் என்றொரு கதை அவரைப் பற்றி வழங்குகிறது. அக்கதையை நாம் நம்ப வேண்டியதில்லை, எனினும் அவருடைய எழுத்தின் காரத்தை அறிந்தவர்களுக்கு அதை நம்பாமல் இருப்பதும் கடினமே.

1870-ல் அவர் வெளியிட்ட ‘காட்டுத் தோட்டம்’ என்னும் நூலின் பெயரைக் கண்டு, தோட்டத்தைக் கவனியாமல் காடாக விட்டுவிடும்படி அவர் உபதேசித்தார் என்று எண்ணியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நூலின் சாரமோ வேறு. பிற தேசங்களிலிருந்து வந்த செடியாயினும், குளிரைத் தாங்கக்கூடிய ஒன்றை அதன் ஸ்வபாவத்துக்கு ஏற்ற இடத்தில், அதாவது ஈரத்தை விரும்புவதை ஓடைக் கரையிலும், நிழலை விரும்புவதை மரத்தடியிலும், கொடியைப் புதரின் மேலும் சேர்த்துவிட்டால், அதன்பின் மனிதனுடைய உபசாரமின்றியே அது வாழ்ந்து பெருகும் என்பதே அவர் கொள்கை. செடி எந்த நாட்டில் பிறந்தது என்பதல்ல, எந்தச் சூழலில் நிலைத்து வாழும் என்பதே அவர் கேட்ட கேள்வி. ஸஸெக்ஸில் கிரேவ்டை என்னும் பழைய மாளிகையை 1880-களின் நடுவில் வாங்கி, புல்வெளிகளில் டாஃபடில் கிழங்குகளை ஆயிரக்கணக்கில் ஊன்றித் தம் கொள்கையைத் தாமே பரீட்சித்தும் பார்த்தார். 1935-ல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். ஆனால் நிலைத்து வாழும் செடி அண்டை அயலையும் விழுங்கிவிடக்கூடும் என்ற எச்சரிக்கை அவருடைய முதல் உற்சாகத்தில் போதுமான அளவு இடம்பெறவில்லை. அவர் சிபாரிசு செய்தவற்றுள் ஒன்றாகிய ஜப்பானிய நாட்வீட், பிற்காலத்தில் இங்கிலாந்தின் மிகப் பெரிய களைகளுள் ஒன்றாகி, 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளியிடங்களில் அதை வளரச் செய்வதே குற்றமாயிற்று.

ராபின்ஸன் கேட்ட கேள்வியைத் தலைகீழாக்கியவர்கள் ஜெர்மனியில் தோன்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்கைத் தோட்டத்தைப் பற்றி எழுதிய வில்லி லாங்கே, தாவரச் சேர்க்கைகளைக் குறித்த நல்ல அவதானங்களோடு இனப்பெருமையையும் கலந்தே எழுதினார். நாஜிகளின் ஆட்சியில் அந்த விஷம் முற்றியது. 1942-ல், நம் காசித்தும்பையின் இனத்தைச் சேர்ந்ததும் மத்திய ஆசியாவிலிருந்து வந்து ஐரோப்பியக் காடுகளில் பரவியதுமான ஒரு சின்னஞ்சிறு செடியை அடியோடு அழிக்க வேண்டும் என்று ஸாக்ஸனித் தாவரவியலார் குழுவொன்று அறைகூவி, அந்த முயற்சியைப் போல்ஷ்விஸத்துக்கு எதிரான யுத்தத்தோடு ஒப்பிட்டது. ஒரு பூண்டின் பிறப்பிடத்தைக் கொண்டு அதன் வாழ்வுரிமையைத் தீர்மானிக்கத் துணிந்தவர்கள், மனிதர்களை எந்த அளவுகோலால் அளந்துகொண்டிருந்தார்கள் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

அதே காலத்தில், பெர்லினை அடுத்த போட்ஸ்டாமின் போர்னிம் என்னும் இடத்தில் கார்ல் ஃபோர்ஸ்டர் தமது நாற்றுப்பண்ணையை நடத்திவந்தார். வானசாஸ்திரி ஒருவரின் மகனாக 1874-ல் பிறந்த அவர், பல்லாண்டு வாழும் பூச்செடிகளில் முட்டுக்கொடுக்காமல் நிற்பதும், குளிரிலும் நோயிலும் மடியாததும் எது என்று ஆண்டுக்கணக்காகச் சோதித்துத் தேறியவற்றை மட்டுமே விற்றார். நூற்றுக்கணக்கான புதிய வகைகளை உண்டாக்கினார். அதுவரை களையென ஒதுக்கப்பட்டிருந்த புல் வகைகளைப் பூந்தோட்டத்துக்குள் அழைத்துவந்தார். ‘சுத்தமான’ ஜெர்மானியச் செடிகளையே வளர்த்து விற்க வேண்டும் என்ற பிரசாரத்துக்கு அவர் இணங்கவில்லை. யூத நண்பர்களுக்குப் பண்ணையில் வேலை கொடுத்துவந்தார். தோட்டக்கலையின் சரித்திரத்தில் இதற்கு இணையான கண்ணியத்தை நான் அதிகம் கண்டதில்லை.

யுத்தம் முடிந்தபின் அக்கலைக்கு சாஸ்திரத்தின் கட்டுக்கோப்பை அளித்தவர் ரிச்சர்ட் ஹான்ஸன். 1947-ல் பவேரியாவிலுள்ள வைஹென்ஸ்டெஃபானில் அவர் தொடங்கிய சோதனைத் தோட்டத்தில், கானகம், கானகத்தின் விளிம்பு, திறந்த வெளி, பாறை, பாத்தி, நீர்க்கரை, நீர் என்று வாழிடங்களைப் பிரித்து, ஒவ்வொரு செடியும் எதில் செழிக்கிறது என்பதையும், தனித்து நிற்குமா, மூன்று நான்காகவா, பெருங்கூட்டமாகவா என்பதையும் பல வருஷங்கள் கவனித்தார். ஃபிரீட்ரிஷ் ஸ்டாலுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1981-ல் வெளிவந்தது. ஏற்ற அண்டையோடு ஏற்ற இடத்தில் நட்ட செடிக்குக் களையெடுப்பும் நீரும் குறைவாகவே தேவைப்படும் என்பதால், கூலிச் செலவுக்கு அஞ்சிய நகரசபைகளுக்கும் இந்த ஞானம் உபயோகமாயிற்று.

ஃபோர்ஸ்டரின் மாணாக்கரான எர்ன்ஸ்ட் பாகெல்ஸ், வடஜெர்மனியின் லேயர் நகரில் புல் வகைகளை அபிவிருத்தி செய்துகொண்டிருந்தார். அவரிடம் செடிகளைத் தேடிச் சென்றவர்களுள் ஒருவர், 1944-ல் ஹாலந்தின் ஹார்லெமில் பிறந்த பீட் அவுடோல்ஃப். வேண்டிய செடிகள் கடைகளில் அகப்படாத காரணத்தால் 1982-ல் மனைவி ஆன்யாவுடன் ஹும்மெலோ என்னும் கிராமத்தில் குடியேறித் தாமே நாற்றுப்பண்ணை வைத்த இவர், நிறத்தைக் காட்டிலும் வடிவத்தையே முதலில் நோக்கினார். பூ உதிர்ந்தபின் எஞ்சும் விதைத்தலையும், பழுப்பேறிய தண்டும், பனி படர்ந்த புற்கதிரும் சௌந்தரியமே என்று வற்புறுத்தினார். இங்கே தோட்டக்காரன் சித்திரக்காரனாகிறான் என்பதில் ஐயமில்லை. ஆனால் தான் கையாளும் ஒவ்வொரு செடியும் பத்து வருஷங்களுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதைப் பண்ணையில் வளர்த்துப் பார்த்து அறிந்த சித்திரக்காரன்.

நியூயார்க்கின் ஹைலைன் பூங்கா அவருடைய கைவண்ணம் பெற்றவற்றுள் பிரசித்தமானது. 1934-ல் தெருக்களுக்கு மேலே தூண்களின்மீது திறந்துவைத்த சரக்கு ரயில் பாதையில் கடைசி ரயில் 1980-ல் ஓடியது. பின்னர் கேட்பாரற்ற தண்டவாளங்களுக்கிடையே காற்றும் பறவையும் கொணர்ந்த விதைகள் முளைத்து ஒரு புல்வெளியே உருவாயிற்று. அதன் அழகில் மயங்கிய நகரத்தார் பாதையை இடிக்கப்படாமல் காத்து, 2009-ல் அதன் முதற்பகுதியைப் பூங்காவாகத் திறந்தனர். ஆனால் அவர்களை மயக்கிய அந்தத் தாவரங்களுள் பெரும்பாலானவை இன்று அங்கில்லை. பாலத்தைச் செப்பனிடுவதற்காகத் தண்டவாளம், ஜல்லி, மண் அனைத்தையும் பெயர்த்தெடுத்தபோது அவையும் போயின. நாம் காண்பது, அவற்றின் நினைவாகப் புதிய மண்ணிட்டு, வரைபடத்தின்படி நட்ட பயிர். குளிர்காலம் முழுவதும் விட்டுவைத்த காய்ந்த தண்டுகளைத் தோட்டக்காரர்களும் தொண்டர்களும் ஆண்டுதோறும் வசந்தத்தின் தொடக்கத்தில் வாரக்கணக்கில் கையாலேயே வெட்டி அகற்றுகிறார்கள். இத்தகைய தோட்டத்தை நம் ஊரில் அமைக்க விரும்பும் நகரசபையார், செடிகளின் ஜாபிதாவைத் தயாரிக்குமுன் தோட்டக்காரர்களின் சம்பளத்துக்கு நிதி ஒதுக்குவார்களாக.