அருங்காட்சியகத்தில் இல்லாத கந்தை

'கந்தை' எண்ட சொல் எங்களிட்ட இப்ப பழமொழியில மட்டும்தான் மிஞ்சிக் கிடக்கு. வங்காளத்தில் அதே சொல் 'காந்தா' என்ற உருவத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே அது பழந்துணியில் தைத்த போர்வை. பிறக்கப்போகும் பிள்ளைக்காக அம்மாவோ அம்மம்மாவோ தைத்துக்கொடுக்கும் சின்னப் போர்வைக்கும் அதுதான் பெயர்.

நைந்துபோன பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காகத் தரையில் விரிப்பார்கள். சுருக்கம் எடுத்து, ஓரத்தை மடித்து, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப்போகும் நூலோட்டத் தையலால் அத்தனை அடுக்கையும் ஒரே துணியாக்குவார்கள். நூல்கூடக் கடையில் வாங்கினதில்லை. பழைய சேலைக்கரையில் இருந்து உருவி எடுத்த நிற நூல்தான். தையல் நெருங்க நெருங்கத் துணி சின்னச் சின்ன அலையாகச் சுருங்கும். காந்தாவைக் கையால தடவினாலே கண்டுபிடிக்கலாம் என்பது அதனால்தான்.

பீகாரில் இதன் உறவுக்காரியின் பெயர் சுஜனி. 'சு' என்றால் நல்ல, 'ஜனி' என்றால் பிறப்பு என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். கந்தல்களுக்கென்றே அங்கே 'சிதிரியா மா' என்றொரு தெய்வம் இருக்கிறாள். பழந்துணியில் சுற்றினால் பிள்ளை தாயின் அணைப்பில் கிடக்கிற மாதிரி என்பது நம்பிக்கை. இதை வெறும் ஏழ்மையின் கைவேலை என்று எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பலதடவை தோய்ச்ச பருத்தி மெதுமையானது, ஈரத்தை உறிஞ்சும். கஞ்சி மொறுமொறுக்கும் புதுத்துணி பச்சைப்பிள்ளையின் தோலை உரசும். எங்கட வீடுகளிலயும் ஏணைக்கு ஆராவது புதுச்சேலை வாங்கிக் கட்டினதாக் கேள்விப்பட்டிருக்கிறீங்களா? அம்மம்மாவின்ர பழஞ்சேலைதானே.

இனித்தான் எங்களைக் குழப்பும் இடம். வரலாறு படிக்கிற எங்களுக்கு மூலாதாரம் இல்லாமல் ஒரு வசனமும் நகராது. காந்தாவுக்கு மூலாதாரம் இருக்கிறது. குருசதய் தத் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவை கொல்கத்தாவுக்கருகே ஜோக்காவில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் காந்தா பற்றிக் கட்டுரை எழுதினார். அவருடைய சேகரிப்பு இப்போது அமெரிக்காவின் பிலடெல்பியாவில். ஜோக்காவில் இருக்கும் ஒரு காந்தாவை மானதாசுந்தரி என்ற பெண் தன் தகப்பனுக்காகத் தைத்து, தன் பெயரையும் தையலாலேயே எழுதிவைத்திருக்கிறாள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கேயருக்காக வங்காளத்தில் தைக்கப்பட்ட பெரிய மேல்விரிப்புகளும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

இவையெல்லாம் ஏன் தப்பின? பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டதால், விருந்தாளிக்கு மட்டும் விரிக்கப்பட்டதால், கப்பலேறியதால். பிள்ளையின் போர்வைக்கு அந்த வசதி இல்லை. பிள்ளை மூத்திரம் பெய்யும், கக்கும். தோய்த்து வெயிலில் காயப்போட்டு, அடுத்த பிள்ளைக்கும் அதுக்கடுத்ததுக்கும் போய், கடைசியில் அது உண்மையிலேயே கந்தையாகிவிடும். நல்லாப் பயன்பட்டது அழிஞ்சு போகும், குறைவாகப் பயன்பட்டது சான்றாகும். ஆக, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றை மட்டும் பார்த்து எழுதினால் யானை, தேர், தாமரை, வெள்ளைக்காரச் சிப்பாய் எல்லாம் வரும். அதிகம் தைக்கப்பட்டது எதுவோ அதுதான் வராது.

1971 யுத்தத்துக்குப் பிறகு கதை வேறு பக்கம் திரும்புகிறது. கணவனையும் வீட்டையும் இழந்த பங்களாதேஷ் பெண்களுக்குக் காந்தா வருமானமானது. 1978இல் பிராக் அமைப்பு தொடங்கிய 'ஆரோங்' கடைகள் அதை நகரத்துக்குக் கொண்டுபோயின. பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்துப் பூசுரா கிராமத்தில் 1980களின் இறுதியில் சுஜனியும் இப்படித்தான் விற்பனைத் தையலாக மீண்டெழுந்தது. 'அன்பளிப்பு வியாபாரமாப் போச்சு' என்று இதற்காகக் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கவலை பெரிதாக ஒட்டவில்லை. சமையல் முடிந்த மத்தியானங்களில் சும்மா தைத்துக்கொடுத்தபோது அதை அன்பு என்றார்கள், கூலி கேட்டவுடன் வியாபாரமாம். கேட்கவேண்டியது எத்தனை நாள் வேலைக்கு எவ்வளவு கூலி என்பதைத்தான்.

ஆனால் ஒன்று மாறித்தான் போனது. விற்கிற சுஜனிக்குப் புதுத்துணி வேண்டும்.  அந்தப் புதுத்துணியில்தான் பூசுராப் பெண்கள் சீதனக் கொடுமையையும், அடிக்கிற புருஷனையும், பெண்சிசுக் கொலையையும் தைக்கத் தொடங்கினார்கள். பிள்ளையைச் சுற்றவென்று பிறந்த தையலில், பிறக்கவிடாமல் செய்யப்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். அந்தத் துணிகளைச் சுவரில் மாட்டுகிறார்கள். அவை கட்டாயம் அருங்காட்சியகத்துக்குப் போகும்.