அந்தமான் காட்டில் ட்ரெக்கிங்: எந்த கேட்ஜெட் கைகொடுக்கும், எது சிக்கலில் மாட்டிவிடும்?

போர்ட் பிளேர், 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரம். அதோடு ஒரு பாலத்தால் இணைந்திருக்கும் சின்னத் தீவு சாத்தம். 1883-ல் தொடங்கிய மர அறுவை ஆலைக்குப் பேர்போன இடம். இங்கே ஃபெர்ரி ஏறினால் கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையான பேம்பூ ஃப்ளாட். அங்கிருந்து சாலை மவுன்ட் ஹாரியட் தேசியப் பூங்காவுக்கு ஏறுகிறது. 2021-ல் இந்த மலைக்கு மவுன்ட் மணிப்பூர் என்று பெயர் சூட்டினார்கள். உள்ளூரில் இன்றும் பழைய பெயர்தான் அதிகம் புழங்குகிறது.

பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னையும் கலங்கரை விளக்கமும் இருக்குமே, அது இந்த மலையிலிருந்து தெரியும் காட்சி. இன்னொரு தகவல்: மலைக்குப் பெயர் தந்த ஹாரியட் டைட்லர் ஒரு புகைப்படக்காரர். 1857 கிளர்ச்சி நடந்த இடங்களைக் கணவரோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்தவர். ஆக, கேமராவோடு இந்த மலைக்கு வரும் ஆசை ஒன்றும் புதிதல்ல.

மலையின் உயரம் 400 மீட்டருக்கும் குறைவு. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் உச்சியில் இருந்து காலாபத்தர் வழியாக மதுபன் கடற்கரைக்கு இறங்கும் பாதை அடர்ந்த மழைக்காட்டுக்குள் போகிறது. வடக்கே டிக்ளிபூரில் இருக்கும் சேடில் பீக் சுமார் 730 மீட்டர், தீவுக்கூட்டத்திலேயே உயரமான சிகரம். இங்கெல்லாம் சிக்னல் போய்விட்டால் கையில் இருக்கும் பொருள்தான் துணை. எதை எடுத்துட்டுப் போகணும், எதை வீட்டிலேயே வைக்கணும்?

சாட்டிலைட் மெசஞ்சர் வாங்கலாமா?

வெளிநாட்டு ட்ரெக்கிங் வீடியோக்களில் முதலில் பரிந்துரைக்கப்படும் கேட்ஜெட் இதுதான். கைக்குள் அடங்கும் கருவி; டவர் இல்லாத இடத்திலும் சாட்டிலைட் வழியாக எஸ்ஓஎஸ் அனுப்பும். கார்மின் இன்ரீச் இந்த வகையில் பிரபலம்.

இந்தியாவில் அனுமதி இல்லாமல் இதை வைத்திருப்பதே சட்டச் சிக்கல். துரையா, இரிடியம் சாட்டிலைட் போன்களுக்கும் இதே கதைதான். 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு கெடுபிடி இன்னும் அதிகமானது. 2024 டிசம்பரில் கார்மின் இன்ரீச் வைத்திருந்த கனடா நாட்டுப் பெண் ஒருவர் கோவா விமான நிலையத்தில் பிடிபட்டார். அடுத்த மாதமே புதுச்சேரி விமான நிலையத்தில் இரிடியம் போனோடு அமெரிக்க மருத்துவர் ஒருவர் சிக்கினார்.

அந்தமானில் கண்காணிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் 5,500 கிலோவுக்கு மேல் மெத்தாம்பெட்டமைன் ஏற்றி வந்த மியான்மர் படகைக் கடலோரக் காவல்படை பிடித்தது. படகில் ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட் கருவியும் இருந்தது.

அதனால் வெளிநாட்டு நண்பர் பரிசாகக் கொடுத்தாலும் பையில் போட்டுவிடாதீர்கள். புது ஸ்மார்ட்வாட்ச் வாங்கும்போதும் சாட்டிலைட் மெசேஜ் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் வரும் சாட்டிலைட் எஸ்ஓஎஸ்ஸையும் நம்பிப் போகாதீர்கள். ஆப்பிள் அதை இந்தியாவில் தரவில்லை.

அப்போ ஜிபிஎஸ் வாட்ச்சும் தப்பா?

இல்லை. குழப்பம் இங்கேதான் வருகிறது. ஜிபிஎஸ் சாட்டிலைட்டில் இருந்து வரும் சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் அது சொல்லாது. சாட்டிலைட் மெசஞ்சர் சிக்னலை அனுப்புகிறது. அனுமதி தேவைப்படுவது அதற்கு. சாதாரண ஜிபிஎஸ் வாட்ச்சும், உங்கள் போனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸும் பிரச்சினை இல்லை.

டவர் இல்லாத இடத்தில் போன் எதற்கு?

மேப் பார்க்க. போனை ஏரோபிளேன் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் மேப் ஏற்கெனவே போனில் இருக்க வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மேண்ட் ஆப்பில் அந்தமான் மேப்பை ஊரில் இருந்து கிளம்பும் முன்பே டவுன்லோடு செய்துவிடுங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு தீவுகளில் இன்டர்நெட் வேகம் கூடியது உண்மை. அது ஊருக்குள் மட்டும்தான். காட்டுக்குள் கேபிள் வராது.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பின் போட்டு, ட்ராக் ரெக்கார்டிங்கை ஆன் செய்யுங்கள். வழி தவறினால் வந்த தடத்திலேயே திரும்பலாம். அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். மேப்பில் இருக்கும் கோட்டைவிட, காலடியில் தெரியும் பாதையையும் கூட வரும் வழிகாட்டியையும் நம்புங்கள்.

மறக்கக் கூடாத இன்னொன்று: டவர் தேடித் தேடியே போன் பேட்டரி காலியாகும். சிக்னல் விட்டுப்போகும் இடத்தில் ஏரோபிளேன் மோடு போடுவது பவர் பேங்க் வாங்குவதற்குச் சமம். அவசரம் என்றால் மேடான, திறந்த இடத்துக்கு வந்து, மோடை எடுத்துவிட்டு 112-ஐ அழையுங்கள். உங்கள் நெட்வொர்க் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் கிடைத்தால் அந்த அழைப்பு போகும். கூடுதலாக ஒரு பிஎஸ்என்எல் சிம் இருந்தால் தீவுகளில் உதவும்.

பவர் பேங்க் எவ்வளவு பெரியது வேணும்?

ஒரு நாள் நடைக்கு 10,000 எம்ஏஎச் போதும். அட்டையில் 10,000 என்று போட்டிருந்தாலும் வோல்டேஜ் மாற்றத்திலும் சூட்டிலும் ஒரு பகுதி போய்விடும். கையில் கிடைப்பது 6,000 சொச்சம். 5,000 எம்ஏஎச் போனை ஒரு தடவை முழுதாகச் சார்ஜ் பண்ணி, கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

விமானத்தில் பவர் பேங்க்கும் கேமராவின் ஸ்பேர் பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-ஹவர் வரை பிரச்சினை இல்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-ஹவர்தான்.

கண்டிப்பாக வாங்க வேண்டிய ஒரே பொருள் எது?

ஹெட்லேம்ப். காரணம், கடிகாரம். அந்தமானிலும் இந்திய நேரம்தான். ஆனால் சென்னையைவிடச் சுமார் 12 டிகிரி கிழக்கே இருப்பதால் சூரியன் ஏறக்குறைய 50 நிமிடம் முன்னாலேயே உதித்து, முன்னாலேயே மறைகிறது. நவம்பர், டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே அஸ்தமனம். மரங்களுக்குக் கீழே அதற்கும் முன்பே இருட்டிவிடும். "நாலு மணிதானே ஆகுது, இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்" என்று சென்னைக் கணக்கில் நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு இதே ஹாரியட் மலையில் அஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்கினார். அடிவாரத்தில் ஹோப்டவுன் படகுத்துறைக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. தீப்பந்தங்களும் காவலர்களும் கூடவே வந்தும், இருளில் பாய்ந்த கைதி ஷேர் அலியின் கத்திக்குப் பலியானார். உங்களுக்குக் காத்திருக்கும் ஆபத்து கத்தி அல்ல. ஈர வேரும் வழுக்குப் பாறையும்தான். ஆனால் இருட்டும் வேகம் இன்றும் அதேதான்.

200 முதல் 300 லூமென் ஹெட்லேம்ப் போதுமானது. போன் டார்ச் இதற்கு மாற்று இல்லை: ஒரு கை போய்விடும், மேப்புக்கு வேண்டிய பேட்டரியும் போய்விடும்.

கேமரா: எதைக் கொண்டு போகலாம்?

காட்சிகளுக்கும் வீடியோவுக்கும் நல்ல போன் போதும். அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் பாம்புண்ணிக் கழுகு மாதிரி இங்கே மட்டுமே வாழும் பறவைகளை எடுக்க வேண்டுமென்றால்தான் நீண்ட ஜூம் லென்ஸ் உள்ள கேமரா தேவை. ஒரு பயணத்துக்காக வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். ஆக்‌ஷன் கேமரா மழையையும் அலையையும் தாங்கும். ஆனால் மரநிழலின் குறைந்த வெளிச்சத்தில் படம் சொரசொரப்பாக வரும், பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

இங்கே கேமராவுக்கு முதல் எதிரி ஈரம். போர்ட் பிளேரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, சென்னையைப் போல இரண்டு மடங்கு. கவனிக்க வேண்டியவை:

• ஏசி அறையில் இருந்து வெளியே வந்ததும் கேமராவைத் திறக்காதீர்கள். லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

• வாய் சுருட்டி மூடும் ட்ரை பேக் ஒன்று, உள்ளே சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள். ஈரத்தோடு மூடி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்; அதைச் சுத்தம் செய்யும் செலவு அதிகம்.

• ஐபி68 என்று போட்ட போனையும் கடலில் முக்காதீர்கள். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. உப்புநீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, முழுதாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

• கழிமுகத்திலும் மாங்குரோவ் ஓரத்திலும் தண்ணீரை ஒட்டி உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம். உப்புநீர் முதலைகள் வாழும் தீவுகள் இவை.

எதை, எங்கே படம் எடுக்கக் கூடாது?

ஜாரவா மக்களின் பகுதியை ஊடுருவிப் போகும் அந்தமான் ட்ரங்க் ரோட்டில் அவர்களைப் படமோ வீடியோவோ எடுப்பது குற்றம். பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956 ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி சிறைத் தண்டனை கிடைக்கலாம். வடக்கு சென்டினல் தீவை நெருங்கவே அனுமதி இல்லை. 2025 மார்ச்சில் அங்கே இறங்கிய அமெரிக்கர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவரிடம் இருந்த கோப்ரோ கேமராவில் பதிவான காட்சிகளை போலீஸ் ஆராய்ந்தது. வெளியாரின் சாதாரணக் காய்ச்சல்கூட அந்த மக்களுக்கு உயிராபத்து ஆகலாம். ஒரு வீடியோவுக்கு அது ரொம்பப் பெரிய விலை.

விமான நிலையம் கடற்படைத் தளத்தோடு சேர்ந்தது. அங்கேயும் பாதுகாப்புத் துறை இடங்களிலும் கேமராவை எடுக்காதீர்கள். ட்ரோன் 250 கிராமுக்குக் குறைவாக இருந்தால் பைலட் உரிமம் வேண்டாம் என்பது சரி. அதற்காக எங்கே வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. டிஜிட்டல் ஸ்கை மேப்பில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பாருங்கள். தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

கிளம்பும் முன்

பையில் இருக்க வேண்டியவை: மேப் ஏற்றிய போன், 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், கேபிள், ஹெட்லேம்ப், ட்ரை பேக், ஒரு விசில். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும். விசில் சத்தம் அதைவிட வெகுதூரம் கேட்கும், அதற்குச் சார்ஜும் தேவையில்லை.

சாட்டிலைட் மெசஞ்சர் செய்யும் வேலையில் பாதியை ஒரு துண்டுக் காகிதம் செய்துவிடும். எந்தப் பாதை, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த நேரம் தாண்டினால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி, தங்கும் இடத்தில் ஒருவரிடம் கொடுங்கள். பூங்கா வாசலில் வனத்துறையிடம் அனுமதி வாங்கும்போதும் இதையே சொல்லுங்கள். திரும்பி வந்ததும், ஃபெர்ரி ஏறும் முன்பே அவர்களுக்கு ஒரு போன் போட்டு "வந்துட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ரூமில் தூங்கிக்கொண்டிருக்கும்போது நாலு பேர் உங்களைக் காட்டுக்குள் தேடிக்கொண்டிருப்பார்கள்.