பேக்கப் என்னும் தொழிலின் பூர்வ சரித்திரம்

ஒரு ஸ்தாபனத்துக்கு ஒரே கணிப்பொறி என்றிருந்த நாளில், அந்த யந்திரம் குளிரூட்டிய தனி அறையில் பூட்டிய கதவுக்குப் பின்னால் வீற்றிருந்தது. அதிலுள்ள கோப்புகளுக்கு இரவில் பிரதி எடுத்து அலமாரியில் அடுக்குவது ஆபரேட்டரின் நித்திய கர்மங்களில் ஒன்றாக நடந்து வந்ததேயன்றி, யந்திரத்தை நம்பி வேலை செய்த பேராசிரியரோ மாணவரோ அதைப் பற்றி நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. 1965-ஆம் ஆண்டில் டேலி, நியூமன் என்ற இருவர் மல்டிக்ஸ் என்னும் பெரிய அமைப்பின் கோப்பு ஏற்பாட்டை விவரித்து வெளியிட்ட கட்டுரையிலேயே, கோப்பை எங்கே வைப்பது, யார் யார் அதைப் பார்க்கலாம் என்ற விஷயங்களோடு, புதிதாய் மாறியவற்றைக் காந்த நாடாவில் இறக்கி வைப்பதும், விபத்து நேர்ந்தால் அவற்றைத் திரும்ப ஏற்றுவதும் சேர்த்தே பேசப்பட்டிருக்கின்றன. ஆகையால் இந்த வித்தை பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது அன்று. பலர் ஒரே யந்திரத்தைப் பங்கிட்டுக்கொண்ட போதே அதுவும் உடன் பிறந்துவிட்டது.

யூனிக்ஸ் என்ற இயங்குதளம் பரவிய காலத்தில் ‘டம்ப்’ என்ற நிரல் இதற்குக் கருவியாயிற்று. அதன் கணக்கு சுவாரஸ்யமானது. பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்துப் படிகள். பூஜ்யப் படியில் எடுத்தால் வட்டு முழுவதும் நாடாவில் இறங்கும். வேறொரு படியில் எடுத்தாலோ, அதைவிடக் குறைந்த படியில் கடைசியாக எடுத்த நாளுக்குப் பின் மாறியவை மட்டும் இறங்கும். முழுப் பிரதி எடுத்த மறுநாள் தொடங்கி 3, 2, 5, 4, 7, 6, 9, 8, 9, 9 என்ற வரிசையில் எடுத்து வரும்படி அதன் கையேடு யோசனை கூறியது. எடுத்த எடுப்பில் பார்ப்பவருக்கு லாட்டரிச் சீட்டு எண்ணைப் போலத் தோன்றும் இந்த வரிசை, 1883-இல் பிரெஞ்சுக் கணித வல்லுநர் எதுவார் லூக்கா உலகுக்கு அளித்த ஹனோய் கோபுரப் புதிரைத் தழுவியது. திங்கட்கிழமை முழுப் பிரதி, செவ்வாய் மூன்றாம் படி, புதன் இரண்டாம் படி என்று வைத்துக்கொண்டால், இரண்டு என்பது மூன்றைவிடக் குறைந்ததாகையால், புதன்கிழமை நாடா திங்கட்கிழமை வரையில் திரும்பிப் பார்த்து, செவ்வாய்க்கிழமை மாற்றங்களையும் மறுபடி வாங்கிக்கொள்ளும். வியாழன் ஐந்து, வெள்ளி நான்கு என்றாலும் அதே கதைதான். இவ்விதம் அநேகமாக ஒவ்வொரு மாற்றமும் இரண்டு நாடாக்களில் இடம் பெறுவதால், ஒரு நாடா கெட்டுப் போனாலும் மற்றொன்று கைகொடுக்கும். மீட்கும் நாளில் ஏற்ற வேண்டிய நாடாக்களும் குறையும். நாடா நம்பத்தகாதது என்ற அனுபவத்திலிருந்து பிறந்த கணக்கு இது.

இந்த ஒழுங்கெல்லாம் 1980-களில் குலைந்தது. சன் முதலிய கம்பெனிகள் ஒர்க்ஸ்டேஷன் என்ற பெயரில் மேஜைக்கு ஒரு யந்திரமும் யந்திரத்துக்கு ஒரு வட்டுமாக விற்கத் தொடங்கவே, ஓர் அறையில் அடங்கியிருந்த கோப்புகள் ஒரு கட்டடம் முழுவதும் சிதறின. கூடவே, அவற்றைக் காக்கும் பொறுப்பும் சிதறிற்று. ஆபரேட்டர் என்ற பதவிக்கு மேஜைக் கணிப்பொறியில் இடமில்லை. அறை அறையாக நாடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கார்ட்ரிட்ஜை மாற்றி மாற்றிப் பிரதி எடுக்கும் பிரயாசை சில வாரங்களுக்கு உற்சாகமாக நடக்கும். பிறகு பரீட்சை வரும், விடுமுறை வரும், நாடா தீர்ந்துபோகும். எடுத்த நாடாவையும் அந்த யந்திரத்தின் தலையிலேயே வைத்துவிட்டுப் போவது சர்வசாதாரண வழக்கமாயிருந்தது. தீ விபத்தோ திருட்டோ நேர்ந்தால் இரண்டும் சேர்ந்தே போக வேண்டும் என்ற பதிவிரதா தர்மம் போலும்!

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. எக்ஸாபைட் என்ற அமெரிக்கக் கம்பெனி, கல்யாண வீடுகளில் படமெடுக்கும் 8 மில்லிமீட்டர் வீடியோ காமிராவுக்காக ஸோனி செய்த யந்திர பாகத்தையே வாங்கி, அதில் கணிப்பொறித் தகவலை எழுதும் கருவியை 1987-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கேஸட்டில் இரண்டு கிகாபைட்டுக்கு மேல் கொள்ளும். சில வருஷங்களில் அது ஐந்து கிகாபைட் ஆயிற்று. ஒரு துறையின் அத்தனை வட்டுகளிலும் ஓர் இரவில் மாறியவற்றை ஒரே நாடா ஏந்திக்கொள்ளலாம் என்ற நிலை முதன்முதலாக ஏற்பட்டது.

ஆனால் நாடாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஐந்து கிகாபைட் கருவி வினாடிக்குச் சுமார் 500 கிலோபைட் வீதம் இடைவிடாமல் ஊட்டினால்தான் ஒழுங்காக ஓடும். ஊட்டம் குறைந்தால் நின்றுவிடும். மறுபடி தகவல் வந்ததும் சற்றுப் பின்னால் உருண்டு, இடத்தைத் தேடிப் பிடித்து, வேகம் கூட்டி, எழுதத் தொடங்கும். இப்படி முன்னும் பின்னுமாக உரசுவதில் நேரமும் வீணாகும், நாடாவும் தேயும். மேஜைக் கணிப்பொறிகளோ, டம்ப் நிரலை ஓட்டி, தகவலைச் சுருக்கி, கட்டடத்துக் கம்பி வழியே அனுப்பும்போது அந்த வேகத்தைத் தனித்தனியே எட்டிப் பிடிக்கக்கூடியவை அல்ல. ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வரிசையாக எடுத்தால் விடிந்துவிடும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் அமெரிக்காவில் மேரிலாந்து சர்வகலாசாலையின் கணிப்பொறித் துறையினர். ஜேம்ஸ் ட சில்வா என்பவரும் சகாக்களும் 1990-களின் ஆரம்பத்தில் எழுதிய நிரல் தொகுதிக்கு அமாண்டா என்று பெயர். பெண்பெயர் போல் ஒலித்தாலும், மேரிலாந்து என்ற ஊர்ப்பெயரை நடுவில் வைத்துக் கோத்த முதலெழுத்துக் கோவைதான் அது. அவர்கள் செய்த காரியம், மத்திய கணிப்பொறியில் ஒரு பெரிய வட்டை இடைத்தங்கலாக ஒதுக்கியதே. பல யந்திரங்கள் ஒரே சமயத்தில், அவரவர் சக்திக்கேற்ற வேகத்தில், தங்கள் பிரதிகளை அந்த வட்டுக்கு அனுப்பும். முழுமையாக வந்து சேர்ந்தவை அங்கிருந்து நாடாவுக்குத் தடையின்றிப் போகும். சின்னச் சின்ன ஓடைகள் ஆளுக்கொரு வேகத்தில் வந்து கண்மாயில் தேங்க, மதகு திறந்ததும் கால் நிறைய ஒரே சீராக நீர் பாய்வதற்கு ஒப்பானது இது. நூற்றுக்கும் மேற்பட்ட ஒர்க்ஸ்டேஷன்களுக்கு, ஐந்து கிகாபைட் நாடாக் கருவி ஒன்றைக் கொண்டே, இரவில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக பேக்கப் முடிவதாக அவர்கள் கட்டுரையில் எழுதினார்கள்.

யுக்தி அதோடு நின்றிருந்தால் வேகத்தைப் பற்றிய சாமர்த்தியமாக மட்டுமே அது முடிந்திருக்கும். அமாண்டாவை எழுதியவர்கள், என் அபிப்பிராயத்தில், மனித சுபாவத்தை நன்கு அறிந்தவர்கள். எந்த வட்டுக்கு எந்த இரவில் முழுப் பிரதி என்று நிர்வாகி அட்டவணை போட வேண்டியதில்லை. இத்தனை நாளுக்குள் ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு முழுப் பிரதி வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டால், நிரலே ஒவ்வொரு யந்திரத்தையும் ‘இன்று உன்னிடம் எவ்வளவு?’ என்று விசாரித்து, பளு மிகுந்த இரவிலிருந்து குறைந்த இரவுக்குச் சிலவற்றை முன்கூட்டி நகர்த்திச் சமன் செய்துகொள்ளும். மாலையில் ஊழியர்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஓட விடுவதற்கென்றே ஒரு சிறு சோதனை நிரல் இருந்தது. அன்றைய நாடா கருவியில் ஏறியிருக்கிறதா, எல்லா யந்திரங்களும் குரல் கொடுக்கின்றனவா என்று பார்த்து, குறை இருந்தால் மின்னஞ்சல் போடும். அதையும் மீறி ஒருவர் தவறான நாடாவை வைத்துவிட்டுப் போனால், அமாண்டா அதன் தலைப்புச் சீட்டை வாசித்து, அழிக்கக்கூடாத நாடா என்று கண்டு, தொடாமல் விட்டுவிடும். அன்றிரவு மாறியவற்றை மட்டும் இடைத்தங்கல் வட்டில் நிறுத்தி வைத்து, நடந்ததைக் காலையில் அறிக்கையாக அனுப்பும். அந்தக் காலை அறிக்கையை மிக முக்கியமான அங்கமாக நான் கருதுகிறேன். வேலை நடந்தது என்பதற்கும் நடக்கவில்லை என்பதற்கும் சாட்சி அது ஒன்றே.

இன்னொரு சிறு விஷயம், பலர் கவனியாதது. அமாண்டா நாடாவில் எழுதும் ஒவ்வொரு பிரதிக்கும் முன்னால் 32 கிலோபைட் அளவுள்ள ஒரு முகப்பு எழுதப்படுகிறது. அதில் எந்த யந்திரம், எந்த வட்டு, எந்தத் தேதி, எந்தப் படி என்ற விவரங்களோடு, நாடாவை இந்தக் கோப்பின் தொடக்கத்துக்கு நகர்த்தி இன்ன கட்டளையைக் கொடுத்தால் மீட்டுக்கொள்ளலாம் என்ற வழிமுறையும் சாதாரண எழுத்தில் இருக்கும். அந்தக் கட்டளையில் அமாண்டாவின் பெயரே வராது. எந்த யூனிக்ஸ் யந்திரத்திலும் கிடைக்கும் சாமானிய நிரல்களே போதும். மத்திய கணிப்பொறியே எரிந்து சாம்பலாகி, அதிலிருந்த பட்டியல்களும் அமாண்டாவும் போய், முன்பின் தெரியாத ஒருவர் கையில் அந்த நாடா மட்டும் மிஞ்சும் ஒரு நாளை அவர்கள் யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். பொறுப்பை ஓரிடத்தில் குவிப்பவன் அந்த இடமே அழிவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போவதைத்தான் இந்தத் தொழிலின் தர்மமாக நான் சொல்லுவேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதைக் கடைப்பிடித்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

குவித்ததில் வேறொரு தொல்லையும் இருந்தது. பிரதி எடுப்பவன் எல்லா வட்டுகளையும் வாசிக்க வல்லவனாக இருந்தாக வேண்டும். ஆகவே பேக்கப் கணக்கைக் கைப்பற்றியவன் துறைத் தலைவரின் கடிதங்களையும் பரீட்சைக் கேள்வித் தாளையும் சேர்த்துக் கைப்பற்றியவனாகிறான். பூட்டுக்கெல்லாம் ஒரே கொத்துச் சாவி என்ற இந்தச் சங்கடம் இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.

வியாபார உலகம் அதே காலத்தில் தன் வழியே சென்றுகொண்டிருந்தது. கிரைஸ்லர் மோட்டார் கம்பெனிக்காக 1987-இல் தொடங்கிய ஒரு வேலை, கைமாறிக் கைமாறிப் பிற்காலத்தில் நெட்பேக்கப் ஆயிற்று. ஐ.பி.எம். 1993-இல் வெளியிட்ட ஏ.டி.எஸ்.எம். வேறொரு சித்தாந்தத்தைக் கொண்டு வந்தது: முதல் தடவை முழுப் பிரதி, அதற்குப் பின் ஆயுள் முழுவதும் மாறியவை மட்டும். எந்தக் கோப்பின் எந்த வடிவம் எந்த நாடாவில் எந்த இடத்தில் என்பதையெல்லாம் மத்தியில் ஒரு தரவுத்தளம் நினைவில் வைத்துக்கொள்ளும். சிக்கனத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் அந்தத் தரவுத்தளம் போய்விட்டால் நூறு நாடா இருந்தும் பயனில்லை. ஆதலால் பேக்கப்புக்கே ஒரு பேக்கப் எடுப்பது அதன் நிர்வாகிகளுக்குத் தினசரிக் கடமையாயிற்று.

கோப்பைக் காப்பது ஒன்று, யந்திரத்தையே மறுபடி எழுப்பி நிறுத்துவது வேறொன்று. விண்டோஸ் கணிப்பொறிகள் அலுவலகங்களை நிரப்பியபோது இந்த இரண்டாவது விஷயம் பெரிதாயிற்று. ஒன்றைப் புதிதாய் அமைக்க அரை நாள் ஆகும். நியூஜிலாந்தின் ஆக்லாந்தில் மர்ரி ஹாஸார்ட் என்பவர் 1995-இல் எழுதிய கோஸ்ட் என்ற நிரல், ஒழுங்காக அமைத்த ஒரு யந்திரத்தின் வட்டை அப்படியே ஒரே கோப்பாக வார்த்தெடுத்து, மற்ற யந்திரங்களில் ஊற்றிவிட வழி செய்தது. 1998-இல் ஸைமான்டெக் அதை வாங்கிக்கொண்டது. நாளடைவில், வட்டே இல்லாமல் வலைப்பின்னல் வழியாகவே யந்திரம் கண் விழிக்கும் ஏற்பாடும் வந்து சேர, ஒரு கூடம் முழுவதையும் மத்தியிலிருந்து ஒரே மூச்சில் புதுப்பிக்க முடிந்தது. இதன் விளைவாக மேஜைக் கணிப்பொறியின் அந்தஸ்து மாறிவிட்டது. மேரிலாந்தில் ஒவ்வொரு மேஜை வட்டின் பெயரும் பட்டியலில் இருந்தது. இப்போதோ, முக்கியமானதைச் சர்வரில் போடு, உன் யந்திரத்தில் இருப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லும் தைரியம் நிர்வாகங்களுக்கு வந்தது. சின்னக் கோளாறுக்கும் “ஃபார்மட் அடிச்சுடலாமா சார்?” என்று நம் ஊர் மெக்கானிக் கூசாமல் கேட்பதும் அந்தப் பரம்பரையில் வந்த கேள்விதான்.

2017-ஆம் வருஷம் இந்தத் தொழிலுக்கு இரண்டு கடுமையான பரீட்சைகளை வைத்தது. ஜனவரி 31-ஆம் தேதி, கிட்லேப் என்ற கம்பெனியில், இரவு வெகு நேரம் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் சமயத்துக்கு உதவவில்லை. தினசரிப் பிரதி எடுக்கும் நிரல், பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டிருந்தது. அதை அறிவித்த மின்னஞ்சல்களை, முறையான கையொப்பம் இல்லை என்று தபால் சர்வர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. வேறு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு பிரதிதான் கடைசியில் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துத் தகவல் போனது போனதுதான். கம்பெனி நடந்ததை ஒளிக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் எல்லோரும் பார்க்கும்படி நேரலையாகக் காட்டியது. இத்துறையில் அபூர்வமான நேர்மை அது.

ஜூன் 27-ஆம் தேதி வந்தது இதைவிடப் பெரிது. உக்ரைன் நாட்டுக் கணக்கெழுதும் மென்பொருள் ஒன்றின் வழியே நுழைந்த நாட்பெட்யா என்ற கிருமி, உலகக் கப்பல் சரக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் சுமந்த மெர்ஸ்க் கம்பெனியின் வலைப்பின்னலைச் சூறையாடிற்று. தனித்தனி சர்வர்களுக்குச் சில நாள் பழமையான பிரதிகள் அகப்பட்டன. யார் யார் உள்ளே வரலாம் என்று நிர்ணயிக்கும் டொமைன் கன்ட்ரோலர் என்ற யந்திரங்களுக்கு மட்டும் ஒரு பிரதியும் இல்லை. ஏறக்குறைய 150 இடங்களில் இருந்து ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்பவை அவை. ஒன்று போனால் மற்றொன்று இருக்கும் என்பதே ஏற்பாடு. எல்லாம் ஒரே சமயத்தில் போகும் என்று எவரும் எண்ணவில்லை. கானா நாட்டு அலுவலகத்தில் தாக்குதலுக்கு முன்னமே மின்சாரம் நின்றுபோயிருந்ததால் அங்கிருந்த ஒன்று மட்டும் தப்பியது. கம்பி வழியே அதை அனுப்ப நாள் கணக்கில் ஆகும். அங்கிருந்தவர்களில் பிரிட்டிஷ் விசா உள்ளவர் ஒருவரும் இல்லை. ஆகவே ஓர் ஊழியர் நைஜீரியாவுக்கு விமானத்தில் பறந்து, விமான நிலையத்தில் காத்திருந்த இன்னொருவர் கையில் வட்டை ஒப்படைக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அதை மூலமாக வைத்துக்கொண்டு 4,000 சர்வர்களும் 45,000 கணிப்பொறிகளும் பத்து நாளில் மறுபடி நிறுவப்பட்டதாகக் கம்பெனியின் தலைவர் அடுத்த ஜனவரியில் டாவோஸ் மகாநாட்டில் தெரிவித்தார்; நஷ்டம் 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என்று கணக்கிட்டார்கள். ஊழியர்களின் மடிக்கணினிகளும் புதிய விண்டோஸ் ஏற்றித் திருப்பித் தரப்பட்டன. அவற்றில் அவரவர் எழுதி வைத்த குறிப்புகளும் முகவரிகளும் குடும்பப் புகைப்படங்களும் எந்தச் சர்வரின் பட்டியலிலும் இல்லாதவையாகையால், அவற்றை மீட்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.